சாயந்திர ஷிப்ட்டின் சைபர்கள்

"மருந்து எங்கடா போச்சு?"

உப்புக் கம்பெனி முதலாளி தெய்வசிகாமணி இந்தக் கேள்வியைத் தன்னுடைய அறைக்குள் வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. களத்தின் நடுவில் நின்று கேட்டார். டீ கேனைச் சுற்றி மூட்டை ஏற்றும் பெண்கள் உட்கார்ந்திருந்த நேரம். கையில் நீளமாக ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது, இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, பிரிண்டர் துப்பிய சூட்டோடு.

தட்சணாமூர்த்தி சாயந்திர ஷிப்ட்டுக்காரன். நடுநிசி தாண்டி வீட்டுக்குப் போய்ப் படுத்தவனை எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். கண்ணைக் கசக்கினான்.

"எந்த மருந்துங்க?"

"எந்த மருந்தா? நீ தெளிக்கிற மருந்துதாம்பா. இதப் பாரு. சாயந்திர ஷிப்ட்டுல மட்டும் பத்துப் பன்னெண்டு லாட்டு. எல்லாத்துலயும் அயோடின் சைபர். பகல் ஷிப்ட்டுல ஒண்ணுகூட இல்ல. ஆனா டிரம்முல மருந்து கரெக்டா கொறைஞ்சுக்கிட்டே வருது. உப்புலயும் இல்ல, டிரம்முலயும் இல்ல. அப்ப எங்க போச்சு?"

கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன.

மரக்காணத்து உப்பளத்தில் வாரிய உப்பு அந்தக் கம்பெனிக்கு வந்து, கழுவி, அரைபட்டு, ரப்பர் பெல்ட்டில் ஓடும். ஓடுகிற உப்பின் மேல் ஒரு நாசிலிலிருந்து மழைத்தூறல் மாதிரி மருந்து விழும். பொட்டாசியம் அயோடேட் என்று டிரம்மில் எழுதியிருக்கும். வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அது மருந்துதான். அந்த வருஷம், இரண்டாயிரத்து ஆறில், மே மாதத்திலிருந்து அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இறுகிவிட்டது. மருந்தின் விலை ஏறியது. கரையோரத்தில் புதிதாக முளைத்த கொட்டகைகள் எல்லாம் அதற்குப் பறந்தன.

"யாருக்கு வித்தேன்னு சொல்லிடு," என்றார் தெய்வசிகாமணி. "சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் டைம். அப்புறம் நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"நான் எடுக்கலைங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

கம்ப்யூட்டர் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று தட்சணாமூர்த்திக்கு எப்படித் தெரியும்? களத்தில் சுமை ஏற்றும் பெண்களுக்கு மேஸ்திரி சகாயமேரி மட்டும் மெல்ல ஒரு வார்த்தை விட்டாள்: "முதலாளி, அவன் பீடிகூட கடன் கேக்காத ஆளு."

"நீ டீயக் குடி."

அவ்வளவுதான். அவர் உள்ளே போய்விட்டார்.

*

வரப்பு தாண்டினால் தட்சணாமூர்த்தியின் வீடு. ஜூன் மாத வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணில் ஊசி குத்தியது. மேற்குக் காற்று சூடாக வந்து உப்புப் பொடியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. உதட்டை நக்கினால் கரித்தது.

அம்சவல்லி அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததும் துடுப்பைச் சட்டியிலேயே விட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

"நீ வித்தியா?"

"நீயே கேக்குறியா?"

"கேட்டாத்தான் நான் அங்க போய்க் கத்த முடியும். மனசுல ஒண்ண வச்சிக்கிட்டு எனக்குக் கத்த வராது. வித்தியா, இல்லியா?"

"இல்ல."

"ஒரு சொட்டுகூட?"

"அம்சா, நாசில்ல உள்ளங்கைய நீட்டி, தூறல் விழுதான்னு பாத்துட்டுத்தான் பெல்ட்டையே விடுவேன். இந்தக் கையப் பாரு, தோலு எப்படிக் கீதுன்னு."

அவள் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியை இறக்கி வைத்தாள். கூழை ஊற்றி, நெத்திலிக் கருவாட்டைச் சுட்டுப் போட்டு அவன் முன்னால் தள்ளினாள்.

"துன்னு. துன்னுட்டுப் படு."

"எங்க தூங்குறது? திருடன்னு ஒரு வாட்டி பேர் விழுந்துட்டா கூனிமேடு வரைக்கும் ஒருத்தன் மிஷின்கிட்ட சேக்க மாட்டான். ஒப்பளத்துல வரப்பு மிதிக்கக்கூட விடமாட்டாங்க. அத்தன பொம்பளைங்க எதுர்ல கேட்டாரு, அம்சா. ரூம்புல கூப்ட்டு கேட்டிருந்தா கால்ல வுழுந்துகூட சொல்லியிருப்பேன்."

"கால்ல வுழறதுக்கு இன்னா பண்ண நீ?" முந்தானையை இழுத்துச் செருகினாள். "கம்ப்யூட்டர் சொல்லுச்சாமே. வா, அதுகிட்டயே கேப்போம்."

அவள் வரப்பில் ஏறியதும் கொல்லையில் கட்டு இல்லாமல் திரிந்த வெள்ளாடு ஒன்று வழக்கம்போல பின்னாலேயே கிளம்பியது. "ச்சூ" என்று விரட்டினாள். அது நின்றது. அவள் நடந்ததும் அதுவும் நடந்தது.

*

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் தெய்வசிகாமணி. கம்ப்யூட்டருக்கு முன்னால் சித்தார்த்தன். பாண்டிச்சேரியிலிருந்து பைக்கில் வருகிற பையன், அரிசி மில்லுக்கும் உரக்கடைக்கும் புரோக்ராம் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன், இந்தக் கம்பெனிக்கும் அவன்தான் எழுதியவன். சர்க்கார் உப்பு ஆபீசுக்கு அனுப்ப வேண்டிய மாத அறிக்கையைப் பிரிண்ட் எடுக்க வந்திருந்தான். மூன்றாவது ஆள் வினோதினி. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற கெமிஸ்ட், வேலைக்குச் சேர்ந்ததே பொங்கலுக்கு அப்புறம்தான். அறிக்கையில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருந்தார்கள்.

பேனாவைத் திறந்தவள் போடவில்லை.

"சார், இந்த சைபரெல்லாம் யார் போட்டது?"

"யாரு போட்டது? நீ குடுத்த ரிசல்ட்டுதாம்மா."

"நான் சைபர்னு குடுத்ததே இல்ல சார். மருந்தே படாத உப்ப டெஸ்ட் பண்ணினா நீலமே வராது. அப்படி ஒண்ணு வந்திருந்தா அன்னிக்கே ஓடி வந்து உங்ககிட்ட சொல்லியிருப்பேன். நான் வந்ததுலருந்து நீலம் வராத சாம்பிளே பாக்கல."

இந்த இடத்தில்தான் அம்சவல்லி வாசலில் வந்து நின்றாள். பின்னால் தட்சணாமூர்த்தி. கத்துவதற்கு வாயைத் திறந்தவள், வினோதினி சொன்னது காதில் விழுந்ததும் மூடிக்கொண்டாள்.

"அப்ப இந்த லாட்டுக்கெல்லாம் என்ன ரிசல்ட் குடுத்த?" என்றார் தெய்வசிகாமணி.

"எதுவும் குடுக்கல சார். காலையில வந்து பாத்தா சாம்பிள் இருக்காது. டெஸ்ட் பண்ணல. அந்த எடத்தக் காலியா விட்டுடுவேன்."

"காலியா விட்டா எனக்கு எப்படி சைபர் வந்துது?"

சித்தார்த்தன் நாற்காலியைத் திருப்பினான். "சார், தெனம் யார் டைப் பண்றது?"

"நான்தாம்பா. இந்த விஷயத்துல நான் யாரையும் நம்பறதில்ல."

"காலியா இருக்கறப்ப என்ன அடிப்பீங்க?"

"ஒண்ணும் அடிக்க மாட்டேன். எண்டர் தட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன்."

"சைபர் அடிச்சீங்களா?"

"நான் எதுக்குய்யா சைபர் அடிக்கப்போறேன்?"

சித்தார்த்தனின் காது மடல் மெல்லச் சிவந்தது. திரைக்குத் திரும்பினான். புதிதாக ஒரு லாட் திறந்தான். தேதி போட்டான். எடை போட்டான். அயோடின் என்ற கட்டம் வந்ததும் விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு, எதையும் தொடாமல் எண்டரை மட்டும் தட்டினான். சேமித்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

அயோடின் கட்டத்தில் ஒரு சைபர் உட்கார்ந்திருந்தது.

யாரும் வைக்காத சைபர்.

தெய்வசிகாமணி மேஜைமேல் சாய்ந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"இது எப்படிப்பா வந்துது?" தெய்வசிகாமணியின் குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

"நான் வச்சது சார். வைக்கலன்னும் சொல்லலாம்." எச்சில் விழுங்கினான். "ஒரு கட்டத்துக்கு எதுவுமே வரலன்னா என்ன வைக்கணும்னு முன்னாடியே சொல்லி வைக்கிற எடம் ஒண்ணு இருக்குது. டிஃபால்ட்னு பேரு. இத நான் புதுசா எழுதல. உரக்கடைக்கு எழுதினத அப்படியே காப்பி பண்ணி, தலைப்ப மட்டும் மாத்தினேன். உரக்கடையில சரக்குக் கட்டம் காலின்னா மூட்டை இல்லன்னு அர்த்தம். அங்க சைபர் வந்தா சரிதான். இங்க காலின்னா டெஸ்ட் பண்ணலன்னு அர்த்தம். அத நான் யோசிக்கல."

"ஏம்பா, அது ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? காலியா இருக்குது, பாத்து போடுன்னு?"

"சொல்ல வைக்கலாம் சார். கறாரா இருன்னு ஒரு செட்டிங் இருக்குது. அத போட்டா தப்பாவோ காலியாவோ வர்றத வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிடும். நாமளா போடலன்னா வாங்கினப்ப இருந்த மாதிரியே அது பாட்டுக்குத் தாராளமா இருக்கும். எத குடுத்தாலும் வாங்கிக்கும். பிடிக்கலன்னா சத்தமில்லாம தானே ஒண்ண மாத்தி வச்சிக்கும். நான் போடல."

"ஆக," என்று அம்சவல்லி உள்ளே வந்தாள், "நீ உரக்கடைக்குத் தெச்ச சட்டைய எங்க முதலாளிக்கு மாட்டிவிட்ட. பொத்தான் எங்கூட்டுக்காரர் கழுத்துல வந்து விழுந்துது."

சித்தார்த்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

தட்சணாமூர்த்திக்கு மூச்சு வந்தது. ஆனால் அது அரை நிமிஷ மூச்சுதான். தெய்வசிகாமணி நாற்காலியில் நிமிர்ந்தார். வியாபாரி. எளிதில் விடுகிறவர் இல்லை.

"சரி, சைபர் இல்ல. அப்ப எவ்வளவு?"

வினோதினியையும் சித்தார்த்தனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லுங்க. சைபர் இல்லன்னு ஆச்சு. சட்டப்படி இருக்க வேண்டிய முப்பதுன்னு ஆச்சா? டெஸ்ட்டே பண்ணலன்னுதான சொல்றீங்க. இவன் மருந்து போட்டும் இருக்கலாம், போடாமலும் இருக்கலாம். சாம்பிள் ஏன் இல்லாம போச்சு? மாட்டிக்குவோம்னு இவனே குடுக்காம விட்டிருந்தா?"

தட்சணாமூர்த்தியின் முகம் வெளிறியது. காலையில் இருந்ததைவிட இது மோசம். காலையில் ஒரு சைபர் இருந்தது, இல்லை என்று சண்டை போடலாம். இப்போது வெறும் காலியிடம். அதோடு எப்படிச் சண்டை போடுவது?

வாசலில் நிழல் விழுந்தது. சகாயமேரி. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"செவ்வாக்கெழம சாயந்திரம் ஓட்டின லாட்டும் அந்தத் தாளுல இருக்குதா, முதலாளி?"

தெய்வசிகாமணி தாளைப் பார்த்தார். "இருக்குது. சைபர்னு."

"அது இன்னும் போகல. லாரி ஆக்சில் ஒடிஞ்சி வரல இல்ல? குடோன்ல அடி அட்டியில கெடக்குது. பிரிச்சிப் பாத்துடுங்களேன்."

*

அடி அட்டியில், மூட்டை அடுக்கின் கீழ்வரிசையில், கிடப்பதை எடுப்பது சும்மா இல்லை. மேலே ஒரு லாரிச் சுமை. சகாயமேரி சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தாள், மற்ற பெண்களும் வைத்தார்கள். கூலி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. குடோனுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் வெக்கை. இரண்டு பேர் தூக்கிவிட, ஒருத்தி வாங்கிக்கொண்டு குனிந்து ஓடினாள். கழுத்து நரம்பு புடைக்க, வேர்வையில் உப்புத்தூள் ஒட்டிக் கைகள் சாம்பல் பூத்தன. தட்சணாமூர்த்தி தூக்கப் போனான்.

"நீ தொடாத," என்றாள் சகாயமேரி. "தொட்டா, நீயே மருந்த தடவிட்டன்னு சொல்லுவாரு."

தெய்வசிகாமணி காதில் விழாதவர்போல வெளியே பார்த்தார். காற்று திரும்பி, கிழக்கே கடலிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. களத்து வேப்பமரம் அசைந்தது.

மூட்டை வந்தது. நம்பரைத் தெய்வசிகாமணியே படித்தார். செவ்வாய்க்கிழமைதான். தையலைப் பிரித்ததும் வினோதினி உள்ளங்கையை நீட்டினாள்.

"ஒரு கை குடுங்கக்கா."

சகாயமேரி அள்ளிய உப்போடு அப்படியே நின்றாள். "கையில எப்படிம்மா குடுக்கறது?"

"ஏன்?"

"உப்ப கைக்குக் கை குடுத்தா சண்ட வரும். கீழ வைக்கிறேன், எடுத்துக்க." ஒரு தட்டை இழுத்து அதில் கொட்டினாள்.

வினோதினி தட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தட்சணாமூர்த்தியைப் பார்த்தாள். "அண்ணே, சாயந்திர சாம்பிள எப்படிக் குடுக்கறீங்க?"

"நீ அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிடுவியேம்மா. வாட்ச்மேன்கிட்ட குடுத்து வைக்கலாம்னா, வெளக்கு வச்சப்புறம் அந்தாளு உப்ப கையால வாங்க மாட்டாரு. பொட்டலம் கட்டி லேப் ஜன்னல்ல வச்சிடுவேன். தெனம் வச்சிருக்கேன். ஒரு நாள் தவறல."

"சில நாள் காலையில கிழிஞ்ச பேப்பர் மட்டுந்தான் கெடக்கும். நான் எலின்னு நெனச்சேன்."

"எலி பேப்பர விட்டுட்டு உப்ப நக்குமா?" என்றாள் சகாயமேரி. அப்படியே கழுத்தைத் திருப்பிக் குடோன் வாசலைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

அங்கே அம்சவல்லியின் வெள்ளாடு, சிந்திய உப்பை நாக்கால் துடைத்துத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தது. ரொம்ப நாள் பழக்கம் தெரிந்தது.

"தெனம் நீ சோத்துத் தூக்குச் சட்டிய எடுத்துக்கினு வரும்போது அதுவும் கூடவே வருமே," என்றாள் சகாயமேரி. "நீ புருஷங்கிட்ட கத பேசிக்கினு இருப்ப. அது ஜன்னல்ல காலப் போட்டு நிக்கும். நானே பாத்திருக்கேன். உன் ஆடுன்னு விட்டுட்டேன்."

அம்சவல்லி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னும் டெஸ்ட் ஆகல," என்றார் தெய்வசிகாமணி.

சிரிப்பு நின்றது.

வினோதினி லேபில் உப்பைக் கரைத்தாள். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் மாதிரி நின்றது. அமிலம் விட்டாள். இன்னொரு கரைசல் விட்டாள். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் தலைகள். தட்சணாமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்சவல்லி அவன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

கடைசியாகக் கஞ்சித் தண்ணீர். ஒரு சொட்டு.

ஒன்றும் ஆகவில்லை.

வினோதினி குடுவையைச் சுழற்றினாள். அடியில் ஒரு நூல்போல நிறம் எழுந்தது. சுற்றியது. பரவியது. மறு சுழற்றில் குடுவை முழுக்கக் கருநீலம்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ மூச்சை விட்டது உள்ளே கேட்டது.

அவள் அதோடு விடவில்லை. மேலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கி, நீலம் மறையும்வரை அளந்து, காகிதத்தில் கணக்குப் போட்டாள்.

"முப்பத்தொண்ணு சார். பகல் ஷிப்ட்ட விட நல்லா இருக்குது."

தட்சணாமூர்த்தி சுவரோடு சரிந்து குந்திக்கொண்டான். அம்சவல்லி அவன் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள். "எழுந்திரு. எல்லாரும் பாக்குறாங்க."

*

தெய்வசிகாமணி அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். தட்சணாமூர்த்தியும் அம்சவல்லியும் வாசலோரம் நின்றார்கள். பழைய தாளைக் கிழிக்கப் போனவரைச் சித்தார்த்தன் தடுத்தான்.

"சார், இன்னொண்ணு இருக்குது. சொல்லாம போனா எனக்குத் தூக்கம் வராது."

"இன்னும் என்னய்யா?"

"ஈரம்னு ஒரு கட்டம் இருக்குதே. எல்லா லாட்டுலயும் 'சரி'ன்னு வருது. ஈரம் யார் பாக்கறது?"

வினோதினி தயங்கினாள். "ஈரம் பாக்கற ஓவன் நான் சேர்றதுக்கு முன்னாடியே கெட்டுப் போச்சு சார். ரிப்பேருக்குக் கேட்டிருந்தேன்."

தெய்வசிகாமணி கண்ணை மூடித் திறந்தார். புரிந்துவிட்டது. சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சித்தார்த்தன் சொன்னான்: "அதுக்கும் ஒரு டிஃபால்ட் வச்சிருந்தேன். யாரும் எதுவும் போடலன்னா, 'சரி'."

"சரக்கு வாங்குற பெங்களூர்க்காரங்கிட்ட இத காட்டித்தான்யா, எங்க உப்புல ஒரு லாட்டுகூட ஈரத்துல தவறினதில்லன்னு மார் தட்டிக்கிட்டு இருக்கேன்."

"ஆமா சார்."

"கம்ப்யூட்டர் நல்லதா சொன்னப்ப நான் ஒரு கேள்வி கேக்கல." திரையைக் காட்டினார். "எல்லாத்தையும் காலியாக்கு. பாக்காதது பாக்காததாவே இருக்கட்டும். ஓவனுக்கு நாளைக்கே ஆள் வரச் சொல்றேன். ஆபீசுக்கு அறிக்கை லேட்டாப் போகட்டும், நான் பேசிக்கிறேன்."

சித்தார்த்தன் வேகமாகத் தட்ட ஆரம்பித்தான். அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின.

"இந்தா தட்சணா," என்றார் தெய்வசிகாமணி திரும்பாமலே. "ஷிப்ட்டுக்கு வந்துடு. சாம்பிளுக்கு மூடி போட்ட டப்பா வாங்கித் தர்றேன். போ."

தட்சணாமூர்த்தி போகவில்லை.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லைங்க." நின்றான். "ரூம்புல சொல்லிட்டீங்க. நல்லதுதாங்க. ஆனா காலையில நீங்க ரூம்புல கேக்கலியே."

தெய்வசிகாமணி நிமிர்ந்து பார்த்தார். அம்சவல்லி புருஷனைப் பார்த்தாள். இப்படி ஒரு வார்த்தை அவனிடமிருந்து வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

"பொம்பளைங்கதான் சோதன பண்றத பாத்தாங்களே. நீலம் வந்ததும் பாத்தாங்க."

"பாத்தாங்க. நீங்க சொல்லிக் கேக்கலைங்க."

சாயந்திர டீ கேன் களத்துக்கு வந்தபோது கடல்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேளுங்க. கம்ப்யூட்டர்ல ஒரு சின்னக் கோளாறு ஆகிப்போச்சு..."

"காலையில கம்ப்யூட்டரையா கேட்டீங்க, மருந்து எங்கன்னு?" என்றாள் சகாயமேரி, கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெண்களுக்குள் ஒரு சலசலப்பு. தெய்வசிகாமணி அதை அடங்கவிட்டார். அப்புறம் சொன்னார், மெதுவாக, ஆனால் கடைசியில் உட்கார்ந்திருந்தவளுக்கும் கேட்கும்படி:

"தட்சணாமூர்த்தி எடுக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

யாரும் கை தட்டவில்லை. சகாயமேரி கேனைச் சாய்த்து ஒரு கிளாஸ் நிரப்பித் தட்சணாமூர்த்தியிடம் நீட்டினாள். அவன் நின்றுகொண்டே ஊதி ஊதிக் குடித்தான். அவனுக்கு ஷிப்ட் நேரமாகியிருந்தது. காலி கிளாஸை வைத்துவிட்டு மிஷின் கொட்டகைக்குள் போனான்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் முனகியது. பெல்ட் உடனே கிளம்பவில்லை. உள்ளே அவன் தூறலுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருப்பான் என்று அம்சவல்லிக்குத் தெரியும். களத்தில் நின்றபடியே காத்திருந்தாள். பெல்ட் ஓடத் தொடங்கியதும் வீட்டைப் பார்த்து நடந்தாள்.